மீன்தொட்டித் தண்ணீரும் வள்ளைக்கீரைக் கணக்கும்

புழக்கடையில் ஒரு தொட்டியில் மீன் வளர்க்கிறேன்; அதே தண்ணீரை ஜல்லிப் பாத்தி வழியாகச் சுற்றவிட்டு வள்ளைக்கீரையும் வளர்க்கிறேன். சென்ற ஆவணியில் மைத்துனரின் திருமணத்துக்காகவும் அதையொட்டிய அலைச்சலுக்காகவும் பதினெட்டு நாள்கள் ஊரில் இல்லை. மீன்களுக்குத் தீவனம் போடும் வேலையை அப்பா ஏற்றுக்கொண்டார். கீரையை அறுக்க வேண்டும் என்று நானும் சொல்லிவிட்டுப் போகவில்லை, யாரும் தொடவும் இல்லை. திரும்பி வந்து புழக்கடையில் பார்த்தபோது, ஜல்லிப் பாத்தி கண்ணுக்கே தெரியாதபடி வள்ளைக்கீரை மண்டி, கொடிகள் விளிம்பைத் தாண்டித் தரையில் இறங்கியிருந்தன. இவ்வளவு செழிப்பு இருந்தால் தொட்டித் தண்ணீர் ஓடைநீர்போல இருக்கும் என்ற நம்பிக்கையோடுதான், மீன் கழிவு கடைசியில் மாறிச் சேரும் நைட்ரேட் எவ்வளவு என்று சோதனை செய்தேன். புறப்பட்ட நாளில் லிட்டருக்கு 80 மி.கி. காட்டியிருந்த சோதனைக்குழாய், இப்போது 160-க்குரிய அடர்ந்த சிவப்புக்குப் போயிருந்தது.

மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. திலேப்பியா இதைவிட அதிகமான நைட்ரேட்டையும் பொறுத்துக்கொள்ளும். எனக்குக் கவலை வேறு இடத்தில் இருந்தது. தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர் போய்ச் சேரும் மண்ணுக்கும் எங்கள் கிணற்றுக்கும் முப்பது அடிதான் இடைவெளி. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி.க்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு. மீன் கழிவைக் கீரை தின்றுவிடும், கீரையை நாம் தின்றுவிடலாம், தண்ணீர் சுத்தமாகத் திரும்ப வரும் என்ற வட்டத்தை நம்பித்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன் இதில் இறங்கினேன். அந்த வட்டத்தில் கீரையின் பங்கு உண்மையில் எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டது அந்தச் சிவப்பு நிறத்தைப் பார்த்த பிறகுதான்.

என்னுடையது சிறிய அமைப்பு. 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, முக்கால் அங்குல ஜல்லி நிரப்பிய இரண்டு சதுர மீட்டர் பாத்தி, இரண்டுக்கும் நடுவில் கசடு படியும் ஒரு நீல பேரல், அடியில் 200 லிட்டர் சேமிப்புத் தொட்டி, ஒரு மோட்டார், ஒரு காற்றுப் பம்பு. பாத்தியில் தண்ணீர் ஏறி, குறிப்பிட்ட உயரம் வந்ததும் சைஃபன் வழியாகக் கடகடவென்று இறங்கும். தொட்டியில் 39 கிஃப்ட் திலேப்பியாக்கள் இருக்கின்றன. நம் சந்தைகளில் ஜிலேபிக் கெண்டை என்று விற்பதன் உறவு இது. 1952-இல் இந்தியாவுக்கு வந்த மொசாம்பிக் திலேப்பியா ஏரி குளங்களில் பரவி, குஞ்சு பொரித்துப் பொரித்துக் குள்ளமாகிவிட்டதால் அந்தப் பெயருக்கே ஒரு இளக்காரம் ஒட்டிக்கொண்டது. கிஃப்ட் வகையோ 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய தேர்வு இனப்பெருக்கத்தில் உருவானது. கிஃப்ட் என்பதன் ஆங்கில விரிவில் (மரபு மேம்படுத்திய வளர்ப்புத் திலேப்பியா) மரபு என்ற சொல் வருவதால் இதை மரபணு மாற்றிய மீன் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு; அப்படி இல்லை, வேகமாக வளர்ந்தவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து இணைத்ததுதான். கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையம் இதன் குஞ்சுகளை உற்பத்தி செய்கிறது. வளர்ப்பதற்கு மீன்வளத்துறையின் அனுமதி தேவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாளொன்றுக்கு 80 கிராம் தீவனம் போடுகிறேன். அதில் புரதம் 32 விழுக்காடு. மீன் தின்ற புரதத்திலுள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் உடம்பில் தங்குகிறது. மிச்சத்தின் பெரும்பகுதி மலமாக வெளியேறுவதில்லை; அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் கரைந்துவிடுகிறது. அழுக்கு என்றால் அடியில் படிந்த கசடுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது முதல் பாடமாக இருந்தது. கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீரும் மீனைக் கொல்லும். மீன் வளர்ப்புப் பொறியியலில் வழங்கும் எளிய சூத்திரம் ஒன்று இருக்கிறது: தீவனத்தின் எடையைப் புரத விகிதத்தால் பெருக்கி, அதை 0.092-ஆல் பெருக்கினால் உருவாகும் அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். ஒரு கிலோ தீவனத்துக்கு 29 கிராம். என் 80 கிராமுக்கு ஏறக்குறைய 2.4 கிராம். கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் 1,200 லிட்டர் தண்ணீரில் அதை அப்படியே விட்டால் ஒரே நாளில் லிட்டருக்கு இரண்டு மி.கி. ஏறிவிடும்.

இந்த அம்மோனியாவைக் கையாள்வது கீரை அல்ல, ஜல்லியில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன; நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. 1890-ஆம் ஆண்டளவில் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராத்ஸ்கி பிரித்தறிந்து சொன்ன இந்த இரண்டு படிகளையும் ஒரே நைட்ரோஸ்பைரா வகை தனியாகவே செய்து முடிக்கும் என்பது 2015-இல்தான் தெரியவந்தது. இவை மிக மெதுவாகப் பெருகும். குடலில் வாழும் இ.கோலி பாக்டீரியா வசதியான இடத்தில் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும் என்றால், இவற்றுக்கு அரை நாளோ ஒரு நாளோ ஆகலாம். ஆகவே புதிய பாத்தி இந்த வேலைக்குத் தயாராக மூன்று முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும்.

அந்தப் பொறுமை என்னிடம் இல்லை. முதல் முறை, பாத்தி அமைத்து ஒரு வாரத்திலேயே, அதுவும் சித்திரை வெயிலில், 50 குஞ்சுகளை விட்டேன். நாற்று நட்டிருக்கிறோம், வேர் பார்த்துக்கொள்ளும் என்பது என் கணிப்பு. ஒன்பதாம் நாள் காலையில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சோதனையில் மொத்த அம்மோனியா 8 மி.கி. என்ற கடைசிப் பட்டையைத் தொட்டிருந்தது. அம்மோனியாவில் இரண்டு உருவம் உண்டு. அயனியாக இருப்பது அவ்வளவு தீங்கில்லாதது, அயனியாகாத வாயு உருவமே நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவும் (புளிப்பா காரமா என்று காட்டும் எண்; 7 நடுநிலை) வெப்பமும் முடிவு செய்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால் நஞ்சு உருவம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே, 8.2 ஆக இருந்தால் பதினொரு விழுக்காடு. எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரின் பி.எச். 8.2. அன்று மாலைக்குள் பதினொரு மீன்கள் மிதந்தன. பாதித் தண்ணீரை மாற்றி, ஒரு வாரம் தீவனத்தை நிறுத்தியதில் மிச்சம் பிழைத்தது. தொட்டியில் 39 என்ற எண் வந்தது அப்படித்தான்.

தருமபுரிப் பக்கத்துத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அதன் உப்புக்கனம் தெரியும். சோறு வடித்த பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளையாகப் படியும். இந்தக் கடினத்தன்மை கீரைக்கும் தொல்லை கொடுத்தது. இரண்டாம் மாதம் துளிர் இலைகள் வெளுக்கத் தொடங்கின. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு இடையில் மஞ்சள் பாய்ந்தது. பழைய இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, இளம் இலை இப்படி ஆனால் இரும்புச்சத்துக் குறைவு என்பது விவசாயம் பார்க்கிற எவரும் சொல்லக்கூடியது. மீன் தீவனத்தில் மீனுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது, செடிக்கு வேண்டிய அளவு இரும்பும் பொட்டாசியமும் சுண்ணாம்பும் இல்லை. உரக்கடையில் அன்னபேதி வாங்கிக் கரைத்து ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் துருநிறமாகி, எல்லாம் அடியில் படிந்துவிட்டது. பி.எச். ஏழுக்கு மேல் இருக்கும் தண்ணீரில் வெறும் இரும்பு உப்பு கரைந்து நிற்காது. அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கொடுக்கிணைப்பு வடிவம் தேவை, அதிலும் எது என்பது முக்கியம்: கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இடிடிஏ வகை 6.5-க்கு மேல் பிடியை விட்டுவிடும், டிடிபிஏ வகை 7.5 வரை தாங்கும், இடிடிஎச்ஏ வகை 9 வரைகூடத் தாங்கும். மூன்றாவதை, லிட்டருக்கு 2 மி.கி. இரும்பு வரும்படி 40 கிராம் கரைத்தேன். தண்ணீர் ரோஜாப்பூ ஊறியதுபோலச் சிவந்து, அம்மாவுக்குப் பெரும் சந்தேகத்தைக் கிளப்பியது. பத்து நாளில் துளிர் பச்சையாக வந்தது.

இதே கடினத்தன்மை பிற்பாடு துணைக்கும் வந்தது. பாக்டீரியாக்கள் ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7 கிராமுக்குச் சற்று அதிகமான காரத்தன்மையைக் கரைத்துவிடுகின்றன. என் அமைப்பில் அது நாளொன்றுக்கு 17 கிராம். ஆகவே எந்தப் பழைய அமைப்பிலும் தண்ணீர் மெல்லப் புளிப்புப் பக்கம் சாயும். சாய்ந்து பி.எச். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்திவிடும். மழைநீரையோ மென்மையான நீரையோ நம்பியிருப்பவர்கள் சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்து இதைச் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது. நானோ வெயிலில் ஆவியாகியும் கீரை குடித்தும் குறைகிற 25 லிட்டரைத் தினமும் ஆழ்குழாய்த் தண்ணீரால் நிரப்புகிறேன்; அதில் லிட்டருக்கு 400 மி.கி. காரத்தன்மை இருப்பதால் 10 கிராம் தானாகவே சேர்ந்துவிடுகிறது. மீதிப் பற்றாக்குறையால் நான்காம் மாதத்தில் பி.எச். 7-ஐ ஒட்டி வந்து நின்றது. செடிக்கும் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் மூன்று பேருக்குமே அரை மனதாக ஒத்துவருகிற அளவு அது.

கீரையால் தண்ணீரைச் சுத்தம் செய்வது என்ற எண்ணம் அறிவியல் முறையில் வளர்ந்த இடங்களில் முக்கியமானது கரீபியன் கடலிலுள்ள செயின்ட் குரோய் தீவு. நன்னீர் அரிதான அந்தத் தீவில், வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ரகோசி 1980-களின் தொடக்கத்திலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு அருகில் இதைச் செய்து பார்த்தார். அவருக்குக் கீரை முதல் நோக்கம் அல்ல. திலேப்பியா வளர்த்த தண்ணீரைக் கொட்டாமல் திரும்பப் பயன்படுத்துவது எப்படி என்பதே கேள்வியாக இருந்தது. நான்கு மீன்தொட்டிகளும், மிதவைப் பலகைகளில் செடி நிற்கும் 214 சதுர மீட்டர் கால்வாய்களும் கொண்ட அவரது அமைப்பு, ஆண்டுக்கு நான்கு முதல் ஐந்து டன் மீனைக் கொடுத்தது. மொத்தத் தண்ணீரில் ஏறக்குறைய ஒன்றரை விழுக்காட்டை மட்டுமே தினமும் புதிதாகச் சேர்த்தார்கள். ஒரு சதுர மீட்டர் செடிப்பரப்புக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் தீவனம் என்ற அவருடைய விகிதம்தான் இன்றும் பலர் கைக்கொள்வது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 2014-இல் வெளியிட்ட சிறு அளவு அமைப்புகளுக்கான கையேடு இதைக் குறைத்து, கீரை வகைகளுக்கு 40 முதல் 50 கிராம், காய் வகைகளுக்கு 50 முதல் 80 கிராம் என்கிறது. நான் இந்தக் கையேட்டின் கீரைக் கணக்கை வைத்தே 80 கிராமுக்கு இரண்டு சதுர மீட்டர் என்று அமைத்தேன்.

இந்த விகிதங்களை நான் தவறாகப் படித்திருந்தேன் என்பது ஆவணிக்குப் பிறகு புரிந்தது. அவை செடிக்குப் பசி எடுக்காமல் இருக்க எவ்வளவு தீவனம் போதும் என்று சொல்பவை. தீவனக் கழிவு முழுவதையும் செடி காலி செய்துவிடும் என்று உறுதி கொடுப்பவை அல்ல. நூறு கிராம் வள்ளைக்கீரையில் ஏறக்குறைய இரண்டரை கிராம் புரதம் இருக்கிறது; அதாவது ஒரு கிலோ கீரையில் 4 கிராம் நைட்ரஜன். ஒரு கிலோ தீவனம் கரைத்துவிடும் 29 கிராமை முழுக்க வெளியே எடுக்க ஏழு கிலோவுக்குமேல் கீரை அறுத்தாக வேண்டும். என் பாத்தி நன்றாக விளைந்தால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஐந்து கிலோ கொடுக்கும். நாளொன்றுக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, நைட்ரஜனாக ஒரு கிராம்கூட இல்லை. சேர்வது 2.4 கிராம், கீரை கொண்டுபோவது 0.95 கிராம். ஐந்தில் இரண்டு பங்கு. அதுவும் அறுத்தால்தான்.

அறுக்காத கீரை எதையும் வெளியேற்றுவதில்லை. கொஞ்ச நாள் கையில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இலைகள் ஒன்றையொன்று மூடிக்கொண்ட பின் அடியிலுள்ளவற்றுக்கு வெயில் கிடைக்காது; வளர்ச்சி மந்தமாகும், வேர் உறிஞ்சுவது குறையும், அடியிலைகள் பழுத்துத் தண்ணீரிலேயே விழுந்து அழுகி, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். பதினெட்டு நாளில் என் பாத்தியில் நடந்தது இதுதான். அப்பாவோ ஒரு நாளும் தவறாமல், என் நம்பிக்கைக்குப் பாத்திரமானவராக, 80 கிராமை நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்படியானால் கீரை எடுக்காத மீதி ஒன்றரை கிராம் சாதாரண நாள்களில் எங்கே போகிறது? ஒரு பகுதி காற்றுக்குப் போகிறது. காற்றோட்டம் இல்லாத கசடு மூலைகளில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடுகின்றன. ரகோசி இதை ஒரு திருகாணியைப்போலப் பயன்படுத்தினார்: வடிகட்டித் தொட்டிகளில் பழத்தோட்ட வலைகளை நிரப்பி, நைட்ரேட் அதிகம் வேண்டியிருந்தால் அடிக்கடி கழுவுவார், குறைக்க வேண்டியிருந்தால் கழுவுவதைத் தள்ளிப்போடுவார். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. கசடு கொஞ்சம் அதிகம் தங்கினாலும் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், அது மீனுக்கு எமன்.

ஆகவே நீல பேரலின் அடிக்குழாயை இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்து, இருபது லிட்டர் கருந்தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடுகிறேன். தீவனத்திலுள்ள பாஸ்பரஸில் பெரும் பகுதி இந்தக் கசடோடுதான் போகிறது; கீரைப் பாத்தி அதைப் பார்ப்பதே இல்லை. தொடக்கத்தில் நான் குழாய்களை இணைத்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "மீன் கழுவின தண்ணியத்தானடா காலங்காலமா வாழைக்கு ஊத்துறோம், அதுக்கு எதுக்கு இத்தனை பைப்பு?" அன்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். இப்போது கணக்குப் பார்த்தால், கிணற்றுக்கு நைட்ரேட் போகாமல் காப்பதில் அந்த நான்கு வாழைகளின் பங்கு என் கீரைப் பாத்தியின் பங்குக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆவணிக்குப் பிறகு நைட்ரேட் 160-இலிருந்து இறங்கியதும் வாழைப்பக்கம் தண்ணீரைத் திருப்பிவிட்டுத்தான்.

பயிர்த் தேர்வில் என் அனுபவம் வள்ளைக்கீரையில் தொடங்கி ஏறக்குறைய அங்கேயே முடிகிறது. இலங்கைத் தமிழர்கள் கங்குன் என்று அன்றாடம் வாங்கிச் சமைக்கிற இந்தக் கீரை, நம் பக்கத்துச் சந்தைகளில் அரிதாகிவிட்டது. நீர்நிலையில் தானாக முளைப்பது என்பதால் மதிப்பில்லை. உள்ளீடற்ற தண்டு, கணுவுக்குக் கணு வேர், வெட்ட வெட்டத் துளிர்க்கும் குணம் எல்லாம் இந்த வேலைக்கென்றே அமைந்தவை. இதே வேகம் காரணமாக அமெரிக்காவில் இது மத்திய அரசின் தீங்கான களைகள் பட்டியலில் இருக்கிறது. பொன்னாங்கண்ணி நன்றாக வந்தது, ஆனால் எடை குறைவு. புதினா வாசமாக வளர்ந்து, வேரைக் குழாய்க்குள் விட்டு சைஃபனை அடைத்து, ஓர் இரவில் தொட்டியின் பாதித் தண்ணீரை வாசலுக்கு அனுப்பியது, அன்றே பிடுங்கிவிட்டேன். வல்லாரை நிதானப் பேர்வழி. கொடிப்பசலை பந்தல் கேட்டது. தக்காளி பூத்துக் காய்க்கும் நேரத்தில் பொட்டாசியம் போதாமல் இலை ஓரம் கருகியது. லெட்டூஸ் பற்றிப் பலர் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அதைத் தின்ன ஆள் இல்லை.

வள்ளைக்கீரையிடம் ஒரு ஆபத்தும் உண்டு. தண்ணீரில் காரீயமோ காட்மியமோ இருந்தால் அதையும் இதே வேகத்தில் உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்துவைக்கும். தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஏரியில் முளைத்ததைப் பறித்துச் சமைப்பது கூடாது. என் அமைப்பில் பித்தளை வால்வு, துத்தநாகப் பூச்சுக் குழாய் எதையும் வைக்கவில்லை. செம்பும் துத்தநாகமும் மீனுக்கே முதலில் நஞ்சாகும். இன்னொன்று, கீரை அளவுக்கு மீறி நைட்ரேட்டைத் தன் தண்டில் பதுக்கி வைத்துக்கொள்ளக்கூடியது. வெயில் இருக்கும்போதுதான் அதைப் புரதமாக மாற்றும். அதனால் விடியற்காலையில் அறுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, வெயில் காய்ந்த மாலையில் அறுக்கிறேன்.

மீனுக்கு நோய் வந்தால் மருந்து ஊற்ற முடியாது என்பதுதான் இந்த வகை வளர்ப்பின் உண்மையான கட்டுப்பாடு. குளத்தில் மீன் வளர்ப்பவர்கள் ஒட்டுண்ணிக்கு மயில்துத்தம் போடுவார்கள். இங்கே அது கீரை வழியாக நம் இலைக்கு வரும், ஜல்லியில் உள்ள பாக்டீரியாவையும் கொல்லும். நைட்ரைட் ஏறினால் உப்புப் போடுவது எல்லோரும் அறிந்த வைத்தியம், அதில் உள்ள குளோரைடு மீனின் இரத்தம் பழுப்பாகாமல் காக்கும். ஆனால் சோடியம் சேர்ந்துகொண்டே போய்ச் செடியைக் கெடுக்கும் என்பதால் நான் கால்சியம் குளோரைடு வைத்திருக்கிறேன். நோய்பட்ட மீனைத் தனி டிரம்மில் எடுத்து வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

உபரிக் கீரையை எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்கார அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு கட்டை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "கீரை என்னவோ தளதளன்னுதான் இருக்கு. மீனு கழிஞ்ச தண்ணியில வளந்ததுன்னு சொன்னா யாரு சாமி வாங்குவா?" என்றார். சொல்லாமல் விற்கலாமே என்று நான் கேட்கவில்லை, அவரும் அதைச் சொல்லவில்லை. அவருடைய தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. மீன் குளிர் இரத்தப் பிராணி, அதன் குடலில் மனிதனுக்கு நோய் தரும் இ.கோலி இயல்பாகக் குடியிருப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் தொட்டியின் மேல் உட்காரும் காக்கையும், இரவில் ஓடும் எலியும், கழுவாத கையும் அதைக் கொண்டுவரும். தொட்டிக்கு வலை கட்டினேன். தண்ணீர் இலையில் தெறிக்காமல் ஜல்லிக்கு அடியிலேயே ஏறி இறங்கும்படி மேல்மட்டம் இரண்டு அங்குலம் காய்ந்தே இருக்கும். பச்சையாகத் தின்னும் எதையும் அதில் நடுவதில்லை; வள்ளைக்கீரை எப்படியும் வேகாமல் இலைக்கு வராது.

பெரிய பண்ணைகளின் கழிவுநீரை இப்படிச் சுத்தம் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு மேலே உள்ள கணக்கையே காட்டுகிறேன். ஒரு நாளைக்கு 100 கிலோ தீவனம் போடும் பண்ணை, கரைந்த நைட்ரஜனைக் கீரையாக மட்டும் வெளியேற்ற விரும்பினால் தினமும் 700 கிலோவுக்குமேல் அறுத்து விற்க வேண்டும். அது மீன் பண்ணை அல்ல, கீரைப் பண்ணை. இறால் பண்ணைகளின் நிலை இன்னும் சிக்கலானது. அவற்றின் உவர்நீர் வயலையும் குடிநீரையும் கெடுத்ததை எதிர்த்து நாகை வட்டாரத்தில் சர்வோதயத் தலைவர்களான ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் இணையர் நடத்திய போராட்டம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 டிசம்பர் 11 தீர்ப்பும் பிறகு 2005-இன் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டமும் வந்தன. அந்த உப்புத் தண்ணீரில் வள்ளைக்கீரை ஒரு வாரம்கூட நிற்காது. ஆனால் நம் உப்பளங்களின் ஓரத்திலேயே உமரி தானாக வளர்கிறது, கடலோரத்தில் சிலர் அதைச் சமைக்கவும் செய்கிறார்கள், வேதாரண்யத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய உவர்நிலத் தாவரங்களுக்கென்றே ஒரு தோட்டம் வைத்திருக்கிறது. இறால் குளத்தின் வடிகாலில் உமரியை வரிசையாக நட்டு அறுத்துப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு, அங்கேயும் அறுத்ததை வாங்க ஆள் வேண்டும் என்ற நிபந்தனையோடு.

என் பாத்தியில் இப்போது செய்திருக்கும் மாற்றம் ஒன்றுதான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக அறுப்பதை நிறுத்திவிட்டு, பாத்தியை மூன்றாகப் பிரித்து மூங்கில் குச்சி நட்டிருக்கிறேன். வாரம் ஒரு பங்கு, வெள்ளிக்கிழமை மாலையில். மொத்தமாக அறுத்தபோது அடுத்த நான்கைந்து நாள்கள் உறிஞ்சுவதற்கு இலையே இல்லாமல் நைட்ரேட் குதிக்கும். இப்போது எந்த நாளிலும் இரண்டு பங்கு பச்சையாக நிற்கிறது. கார்த்திகையிலிருந்து அளவு 60-க்கும் 80-க்கும் நடுவில் இருக்கிறது. கோடையில் தண்ணீர் 33 டிகிரியைத் தொட்டு ஆக்சிஜன் குறையும்போது தீவனத்தை 60 கிராமாக்கிவிடுவேன். ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் தீவனத் தராசோடு அரிவாளையும் கொடுத்துவிட்டுப் போகிறேன். அறுத்ததைச் சமைக்க முடியாத வாரத்தில் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போடச் சொல்லியிருக்கிறேன். ஆடு நீர் தெளிந்ததா என்று கேட்பதில்லை, கீரை வரும் வெள்ளிக்கிழமையை மட்டும் சரியாக நினைவில் வைத்திருக்கிறது.